குனிந்தால் ஓடும் நாய்

உத்திரமேரூர் பேருந்து நிலையம், காலை ஏழரை மணி. டீக்கடையில் வாங்கிய சில்லறையில் ஒரு இரண்டு ரூபாய் நாணயம் கைநழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். பெஞ்சுக்கு அடியில் சுருண்டு கிடந்த செவலை நாய் அடி விழுந்ததுபோல எகிறி எழுந்தது. வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ள, காஞ்சிபுரம் பஸ் நிற்கும் இடம்வரை ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்த்தது. அது ஓடியதைப் பார்த்து, சுவரோரம் படுத்திருந்த இன்னும் இரண்டு எழுந்து நின்றன. நாணயத்தோடு நிமிர்ந்தேன். மூன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தன.

நம் ஊர்த் தெருவில் மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்று பொருள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழிக்குச் சிற்பத்தை வைத்து ஆழமான விளக்கம் சொல்பவர்கள் உண்டு. நாய்களுக்கு அந்த விளக்கம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்த கல் ஒன்றே ஒன்றுதான்.

இப்படி ஒரு நாயை, பலரிடம் அடி வாங்கிய நாயை, வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்க்க முடியுமா? கடிக்காதா? எத்தனை நாளில் பழகும்? தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதிலிருந்து வீட்டுத் திண்ணையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நாய்ப் பேச்சு ஓயவில்லை. எல்லா நாய்களையும் பிடித்துப் போ என்று ஒரு கட்சி, ஒன்றைக்கூடத் தொடாதே என்று ஒரு கட்சி. நடுவில், ஒரே ஒரு நாயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வராமல் உறுமுவதைப் பார்த்துக் கையைப் பிசையும் வீடுகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

எடுத்தால் எடுத்ததுதான்

2025 ஆகஸ்ட் 11 அன்று இரண்டு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. நாடு இரண்டுபட்டது. பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் கண்டவை, ரேபிஸ் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமாக நடப்பவை மட்டும் திரும்பக் கூடாது. வழக்கின் எல்லையும் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நவம்பர் 7-இல் வந்த இன்னோர் உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது. ஏட்டில் உள்ளபடி பார்த்தால் நான் பார்த்த அந்தச் செவலை நாய்க்கும் பேருந்து நிலையத்தில் இனி இடம் இல்லை.

ஆகஸ்ட் உத்தரவில் பெரிதாகப் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அடையாளம் இட்டுத் தருவார்கள். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. அதாவது, சரிப்படவில்லை என்று பத்தாம் நாள் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வரும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூர்க்கமான நாய் எது என்று யார் சொல்வது? பயந்த நாயும் பல்லைக் காட்டும். மூலையில் ஒடுங்கிய நாய்தான் பெரும்பாலும் கடிக்கும். பயத்தைக் கோபம் என்று படித்துவிட்டால் ஒரு நாயின் மிச்ச ஆயுள் கூண்டுக்குள் முடியும். யார் எந்தத் தகுதியோடு ஊர் வாரியத்தில் உட்காரலாம், எவர் உட்காரக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். அந்தக் குடவோலைக் கல்வெட்டின் நுணுக்கத்தில் பாதியாவது மூர்க்கம் என்ற இந்த ஒரு சொல்லுக்கு எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பத்ராவும் மற்ற நாய்களும்

மீட்ட நாய் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது பத்ரா. 2016 ஜூலையில் ஒரு வீடியோ நாட்டையே உலுக்கியது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில், மொட்டை மாடியின் விளிம்பில் ஒரு இளைஞர் பெண் நாய் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், பிறகு வீசுகிறார். வீசியவரும் படமெடுத்தவரும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள். நாய் செத்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். தேடிப் போன விலங்கு நல ஆர்வலர்கள் அதை உயிரோடு கண்டுபிடித்தார்கள். பின்னங்கால் முறிந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் அது வாலை ஆட்டியது என்று அன்றைய செய்திகள் எழுதின.

மாணவர்கள் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பத்ரா குணமாகி, சென்னையில் ஒரு வீட்டுப் பிள்ளையாகப் போனது.

நெகிழ வைக்கும் கதைதான். ஆனால் நாய் வளர்க்க நினைப்பவர்களை இது கொஞ்சம் ஏமாற்றவும் செய்கிறது. மாடியிலிருந்து வீசப்பட்ட நாயே வாலை ஆட்டும்போது, நம் வீட்டு நாய் ஏன் இரண்டு மாதமாகியும் கிட்டே வரவில்லை என்ற கேள்வி எழும். விடை பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் இருக்கிறது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம்வரை நாய்க்குட்டியின் மூளை உலகத்துக்குத் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் மனிதக் கை நல்லது செய்திருந்தால், பின்னால் எவ்வளவு அடி விழுந்தாலும் மீள ஒரு பிடிமானம் இருக்கும். அந்தச் சில வாரங்களில் குட்டி கண்டதெல்லாம் கல்லும் கொதிநீரும் என்றால், நாம் அதன் பழைய நம்பிக்கையை மீட்கவில்லை. இல்லாத ஒன்றைப் புதிதாகக் கட்டுகிறோம். அதற்கு நாள் பிடிக்கும்.

நம் தெருவில் அந்த வாரங்கள் எப்படிக் கழிகின்றன? கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் (ஐசர்) ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட கணக்கு இது: இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம். இறந்தவற்றில் 63 சதவீதத்தின் சாவில் மனிதர் கை இருந்தது. நாம் பார்க்கும் ஒவ்வொரு வளர்ந்த தெருநாயும், கூடப் பிறந்தவை மனிதர்களால் செத்ததைப் பார்த்துவிட்டு வந்ததாக இருக்கலாம்.

முதலில் ஊசி, பிறகுதான் உறவு

நாயைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். வழியில் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அன்பு கொஞ்சம் காத்திருக்கலாம். ரேபிஸ் தடுப்பூசி காத்திருக்கக் கூடாது. காதின் நுனி சின்னதாக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். இல்லையென்றால் அதற்கும் நாள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சள்ளை பிடித்த நாய் என்று கொண்டுவரப்படுவதில் கணிசமானவை வலி பிடித்த நாய்கள். காதுக்குள் சீழ், உண்ணிக் காய்ச்சல், ஒழுங்காகக் கூடாத பழைய எலும்பு முறிவு, பல் வலி. தொட்டால் வலிக்கும் இடத்தைத் தொட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? சொறிக்குக் கழிவு ஆயிலை ஊற்றும் வைத்தியம் இன்னும் கிராமங்களில் நடக்கிறது. அது தோலை எரிக்கும். நாய் நக்கினால் உள்ளே போய் விஷமாகும். அப்படி ஒருமுறை பிடித்து அமுக்கி ஆயில் ஊற்றப்பட்ட நாய்க்கு, அதற்குப் பிறகு எந்தக் கையும் மருந்துக் கையாகத் தெரியாது. சொறிக்கு இப்போது நல்ல மாத்திரைகளும் ஊசிகளும் இருக்கின்றன. சில வாரங்களில் முடி முளைக்கும். பாதிக் குணம் அதிலேயே மாறும்.

> கடித்துவிட்டால்
>
> தமிழ்நாட்டில் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். ரேபிஸால் இறந்தவர்கள் 43 பேர்.
>
> ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம்.
>
> அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசியைத் தொடங்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு தடவை. ரத்தம் வரும் கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தேவை. நாயைப் பத்து நாள் கவனிப்பது உண்டு. ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.
>
> ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. வீட்டு நாய்தானே, குட்டிதானே என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

சும்மா இருப்பதே வேலை

நாய் மீட்பில் இருப்பவர்களிடையே மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குப் புழங்குகிறது. மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று தோன்றும். உத்தேசக் கணக்குதான். சில நாய்களுக்கு மூன்று மாதம் ஆறு மாதமாகும்.

முதல் மூன்று நாளில் நம் வீடுகளில் நடப்பது என்ன? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரண்டு வந்து வாசலில் நிற்கும். ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். ஒருவர் குளிப்பாட்டலாம் என்பார். ஒருவர் சங்கிலி வாங்கி வருவார். தாத்தா வந்து தலையைத் தடவப் பார்ப்பார். மிரண்ட நாய்க்கு இது கல்யாண வீடு இல்லை, காவல் நிலையம்.

பின்பக்கம் சுவர் இருக்கிற, முன்பக்கம் திறந்திருக்கிற ஒரு மூலை போதும். மாடிப்படிக்கு அடியில், கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே, மாட்டுக்கொட்டகையின் ஓரம். பழைய சாக்கு, தண்ணீர்ச் சட்டி. அந்த மூலையில் நாய் இருக்கும்போது யாரும் கை நீட்டக் கூடாது. அது அதன் வீடு. தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் எட்டடி தள்ளி, நாய்க்கு முதுகையோ தோளையோ காட்டி உட்கார வேண்டும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. பேப்பர் படிக்கலாம், கீரை ஆயலாம், போன் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவ்வப்போது வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை, திரும்பிப் பார்க்காமல், நாய் பக்கம் போட வேண்டும். கையை ஓங்கி எறிந்தால் கல் ஞாபகம் வரும். தரையோடு உருட்டிவிட வேண்டும். அது சாப்பிடாவிட்டால் விட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள். நீங்கள் போன பிறகு சாப்பிடும். நீங்கள் இருந்துவிட்டுப் போனால் ஒன்றும் ஆவதில்லை என்பதுதான் அன்றைய பாடம்.

எழுந்து போகும்போதும் அதன் தலைக்கு மேலே குனியாதீர்கள். செருப்பை எடுக்கக்கூடக் காலால் துழாவுங்கள். துடைப்பம், குடை, ஹெல்மெட், மடித்துக் கட்டிய லுங்கியை உதறும் சத்தம், காஸ் சிலிண்டர் உருளும் சத்தம் என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பட்டியல் இருக்கும். அது எதற்கு மிரள்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும், பாதிப் பயிற்சி முடிந்தது.

சோறா, தடவலா?

பிஸ்கட் போட்டால் நாய் பழகிவிடும் என்பது நம் நம்பிக்கை. அதே கொல்கத்தா ஐசரில் நாய்களை ஆராயும் குழு 2017-இல் இதைச் சோதித்தது. குழுவின் தலைவர் பெயர் அனிந்திதா பத்ரா. குன்றத்தூர் நாயின் பெயரோடு பொருந்தியது தற்செயல். அறிமுகமில்லாத ஆள் கையில் நீட்டும் உணவைவிட, தரையில் வைத்த உணவையே தெருநாய்கள் விரும்பின. சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பக் கூடுதல் உணவும், சிலவற்றுக்குத் தலையில் தடவலும் கொடுத்துப் பார்த்தார்கள். நாளடைவில் கைக்கு நெருங்கி வந்தவை தடவல் பெற்ற நாய்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றே போய்த் தடவ வேண்டாம். அவை தாமாகக் கிட்டே வந்த நாய்கள். அடி வாங்கிய நாய் தொடுகையை நல்லதென்று ஏற்பதற்கு முன் சோறும் தூரமும்தான் பேச்சு. என்றைக்கோ ஒரு நாள் அது வந்து உங்கள் முட்டியை மோந்துவிட்டுப் போகும். அப்போதும் கையை எடுக்காதீர்கள். நாலைந்து தடவை அப்படி வந்து போன பிறகு, தாடைக்குக் கீழே, மூன்று விநாடி. நிறுத்திப் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே மூக்கால் தள்ளும். தலைக்கு மேலிருந்து வரும் கை கடைசியில்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மணி, டைகர், ஜிம்மி எதுவானாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். இன்னொன்று, வீட்டில் ஒருவரும் ஒரு வாக்கியம் ஆங்கிலம் பேசாத குடும்பமும் நாயிடம் மட்டும் சிட், கம், கோ என்றுதான் பேசுகிறது. நாய்க்கு மொழிப் பற்று கிடையாது. ஆனால் அப்பா கம் என்றும், அம்மா வாடா என்றும், பிள்ளை இங்க வா என்றும் கூப்பிட்டால் அது மூன்று வேலை என்று நினைத்துக்கொள்ளும்.

உறுமலை அடிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போகும்போது நாய் உறுமுகிறது. யாரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாரைப் பாத்து உறுமுற என்று ஒரு அடி விழுகிறது. இரண்டு, மூன்று தடவை அடித்தால் உறுமல் நின்றுவிடும். நாய் திருந்திவிட்டது என்று வீடு நினைக்கும். திருந்தவில்லை. உறுமினால் அடி விழும் என்று மட்டும் கற்றுக்கொண்டது. தட்டைப் பற்றிய பயம் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிக்கும். ஒண்ணும் பண்ணாது வாங்க என்று சொன்ன வீட்டில், பந்தை எடுக்கப் போன குழந்தையின் முகம் கிழிவது இப்படித்தான். உறுமல் என்பது நாய் நமக்குச் செய்யும் மரியாதை: இதற்கு மேல் வராதே என்று சொல்லிவிட்டுச் செய்கிறது.

உறுமினால் ஓரடி பின்னால் போங்கள். மறுநாள் அந்த எல்லைக்கு வெளியே நின்று, தட்டில் இருப்பதைவிட நல்ல துண்டு ஒன்றைத் தட்டின் பக்கம் போட்டுவிட்டு நகருங்கள். சில வாரங்களில் நீங்கள் வந்தால் சோறு போகும் என்ற பயம் தேய்ந்து, நீங்கள் வந்தால் ஈரல் வரும் என்று ஆகும். இதற்கு நேர்மாறாக, ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்கிறான், நாமும் நாயை அமுக்கித் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற பாடத்தை யூடியூபில் இன்னும் பலர் நடத்துகிறார்கள். அது கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதப்பட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே எழுதி, தானும் பரப்பிய அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார்.

உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இப்படிப் பொறுமையாகப் பழக்குவது புதிய வித்தையே அல்ல. தலைச்சன் ஈன்ற பசு உதைத்தால் அதைக் கட்டிவைத்து அடித்தா பால் கறக்கிறார்கள்? தவிட்டை முன்னால் வைத்து, முதுகைத் தட்டி, பேச்சுக் கொடுத்து, நாலு நாள் சும்மா மடியைத் தொட்டுவிட்டு வருவார்கள். மாட்டிடம் காட்டும் பொறுமை நாயிடம் ஏன் வருவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்: மாடு பால் தரும். போரடிக்கும்போது காளைக்குப் போட்ட வாய்க்கூடையும் நமக்குத் தெரிந்த பொருள்தான். நாய்க்கும் அப்படி ஒன்று கடையில் கிடைக்கிறது. வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கும் கூடையாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்குள் தீனியை வைத்து, மூக்கைத் தானே நுழைக்கவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் பழக்கலாம். மருத்துவரிடம் போகும் நாளில் எல்லோருக்கும் நிம்மதி.

> பல்லைக் காட்டும் முன் நாய் சொல்பவை
>
> தூக்கம் வராமலே கொட்டாவி. சாப்பாடு இல்லாமலே மூக்கை நக்குதல். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல். திடீரென்று உடம்பு கட்டையாக நின்றுபோதல். முன்காலில் ஒன்றைத் தூக்கி நிற்றல்.
>
> வால் ஆடினால் சந்தோஷம் என்பது பாதி உண்மை. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே நின்று வேகமாக ஆடினால் தள்ளி நில்லுங்கள்.

சங்கிலியும் தீபாவளியும்

பழக்கத் தெரியாத வீட்டில் கடைசி மருந்து சங்கிலி. முருங்கை மரத்தில் இரண்டடிச் சங்கிலி, காலையிலிருந்து இரவுவரை. மிரண்ட நாய்க்கு இருக்கும் முதல் வழி ஓடுவது. அதை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது கடிப்பது. கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு சைக்கிளும் அதற்கு ஒரு போர். குரைத்தால் சைக்கிள் போய்விடுகிறது, எனவே குரைத்தது பலித்தது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆறு மாதத்தில் அந்தத் தெருவே அதற்குப் பயப்படும். பிறகு ஒரு நாள் சங்கிலி அறுந்து ஒரு கடி, ஊர்ப் பஞ்சாயத்து, கோணிப்பை, இரவில் எங்கேயோ ஒரு கல்குவாரிச் சாலை. லாரிகள் ஓடும் அந்தச் சாலைகளில் புதிதாக ஒரு நாய் எத்தனை நாள் பிழைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிழைத்தாலும், அது கற்றுக்கொண்டதை அங்கே யாரிடமோ காட்டும்.

தீபாவளி இன்னொரு சோதனை. மூன்று மாதம் கட்டிய நம்பிக்கை முதல் சரவெடியில் வேலி தாண்டும். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே பட்டாசுச் சத்தத்தைப் போனில் மிகச் சன்னமாக ஒலிக்கவிட்டு, கூடவே தீனி கொடுத்து, வாராவாரம் கொஞ்சம் கூட்டிப் பழக்கலாம். அன்றைக்கு நாயை உள்ளறையில், மின்விசிறி ஓட, ஆள் துணையோடு வைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். அப்படியும் ஓடிப்போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தால் அடிக்காதீர்கள். எங்கே போனாய் என்று கேட்டு விழும் அடி, ஓடியதற்கு என்று நாய்க்குப் புரியாது. வந்ததற்கு என்றுதான் புரியும்.

எல்லா நாயும் சரியாகிவிடும் என்று எழுத எனக்குத் துணிவில்லை. சிறு குழந்தை இருக்கும் வீட்டில், ஒருமுறை ஆழமாகக் கடித்துவிட்ட நாயை வைத்திருப்பது பாசம் அல்ல, அசட்டுத் துணிச்சல். அந்த நாய்க்குப் பிள்ளைகள் இல்லாத வேறு வீடோ, அனுபவம் உள்ள காப்பகமோ தேட வேண்டும். 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகளும் இடமில்லாமல் திணறுகின்றன என்பதால், அந்தத் தேடலை நாய் வீட்டுக்கு வரும் முன்பே யோசித்து வைப்பது நல்லது. சில நாய்கள் கடைசிவரை விருந்தாளியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். விருந்தாளிகளைப் பிடிக்காத மனிதர்களும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

மற்ற நாய்களிடம் நம்பிக்கை வந்ததற்கான அடையாளம் ஒரு நாள் தெரியும். வாலாட்டுவதோ கைகொடுப்பதோ இல்லை அது. அதுவரை சுவருக்கு முதுகு கொடுத்து, ஒரு கண்ணைத் திறந்தே தூங்கிய நாய், ஏதோ ஒரு மத்தியானம் கூடத்தின் நடுவே வந்து, உங்களுக்கு முதுகைக் காட்டி, நாலு காலையும் நீட்டிப்போட்டுக் குறட்டை விடும். ஸ்டேட்டஸ் போட வேண்டும் என்று கை பரபரக்கும். இருந்த இடத்திலிருந்தே எடுங்கள். படத்துக்காகக் குனிய வேண்டாம்.